பெரியமேட்டு பாயும் என் ஸ்டீரிங்கும்

நான் பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவள். காலையில் பெரம்பூரில் கிளம்பினால் அயனாவரம், அண்ணா நகர், சாயந்திரம் மயிலாப்பூர், சில நாள் வேளச்சேரி வரைக்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தோள், ஒரு முழங்கால், ஒரு இடுப்பு. தைலம், ஜெல், பவுடர் எல்லாம் கையில்தான். கையைக் கழுவிவிட்டுத்தான் காரில் ஏறுகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கழுவிய கையில் இரண்டு சொட்டு சானிடைசர் வேறு. 2020-இல் ஒட்டிக்கொண்ட பழக்கம், இன்னும் போகவில்லை.

இதெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று ஸ்டீரிங் காட்டிக்கொடுத்துவிட்டது. கார் செகண்ட் ஹாண்ட், 2014 மாடல், தோல் சுற்றிய ஸ்டீரிங். வாங்கும்போதே பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்து, முன்னால் வைத்திருந்தவர் நன்றாகப் பராமரித்திருக்கிறார் என்று வீட்டில் பெருமையடித்தேன். போன கத்திரியில் அது பிசுபிசுக்க ஆரம்பித்தது. வெயிலில் நின்ற வண்டியில் ஏறிக் கையை வைத்தால் பலாப்பழம் அரிந்த கத்தியைப் பிடித்த மாதிரி. வலது கை பிடிக்கும் இடத்தில், கடிகாரத்தில் இரண்டு மணி இருக்குமே அங்கே, ஒரு விரல் நீளத்துக்குத் தோல் சொரசொரத்து வெளுத்திருந்தது. இடது கைக்குப் பாதி நேரம் கியரில் வேலை. பாடெல்லாம் வலது கைக்கும் அந்த இடத்துக்கும்தான்.

முதலில் போனது வீட்டுப் பக்கத்தில் ஒரு கார் வாஷ். பெயர் வேண்டாம். 'லெதர் ட்ரீட்மென்ட்' என்று 600 ரூபாய் வாங்கிக்கொண்டு எதையோ பூசிக் கொடுத்தார்கள். ஸ்டீரிங் கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி மின்னியது. மறுநாள் கத்திப்பாரா மேம்பாலத்தில் வளைந்து ஏறும்போது கை வழுக்கியது. ஒரு நொடிதான். உடம்பு அப்புறம் ரொம்ப நேரம் படபடத்தது. ராத்திரி பழைய காட்டன் துணியை எடுத்து வந்து அந்த மினுமினுப்பைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன்.

என்னிடம் முழங்காலுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதையைக் கேட்டுவிட்டு, "தோலுக்குத் தோல் கடைக்குப் போம்மா, கார்க் கடைக்கு எதுக்குப் போறே?" என்றார். நியாயம்தானே. அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-இலிருந்து இருக்கிறது. குரோம்பேட்டைக்குப் பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நான் கார் வாஷில் போய் நின்றிருக்கிறேன்.

தோல் கடை தேடிப் போனது பெரியமேட்டுக்கு. பெரியமேடு என்றால் அதுவரை எனக்கு நேரு ஸ்டேடியம் இருக்கிற இடம், அவ்வளவுதான். கடை, சைடன்ஹாம்ஸ் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில். பத்துக்கு எட்டு இருந்தால் அதிகம். சுவரோரம் சுருட்டி நிறுத்திய தோல்கள், அலமாரி முழுக்கச் சாயப் புட்டிகள், வாசலிலேயே புதுச் செருப்பும் தின்னரும் கலந்த வாசனை. செருப்பும் பையும் தைப்பவர்கள் சாயம், பசை, நூல் வாங்க வருகிற கடை. கார்க்காரர்கள் அபூர்வம். பலகையில் எழுத்து வெளுத்துவிட்டது. எல்லாரும் பாய் கடை என்கிறார்கள்.

போட்டோவைக் காட்டி, கறுப்புச் சாயம் வேண்டும் என்றேன். போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தவர், "போட்டோவுல ஒண்ணும் தெரியாது மேடம், வண்டி எங்கே?" என்றார். வண்டி இரண்டு தெரு தள்ளி நின்றது. மத்தியான வெயிலில் கூடவே நடந்து வந்தார்.

வந்தவர் என் தண்ணீர் பாட்டிலை வாங்கி விரலை நனைத்தார். ஸ்டீரிங்கின் மேல்பக்கம் ஒரு சொட்டு வைத்தார். சேப்பங்கிழங்கு இலையில் நிற்பது போல உருண்டு நின்றது. வெளுத்த இடத்தில் இன்னொரு சொட்டு. அது அப்படியே ஊறிப்போய், அந்த இடம் மட்டும் கறுத்தது. "மேல பூச்சு நல்லாருக்கு. இங்க போயிடுச்சு. ஒரு சாண் வேலைகூட இல்ல இது," என்றார். அப்புறம் கட்டைவிரல் நகத்தால் பளபளப்பான பக்கத்தை லேசாகச் சுரண்டி என்னிடம் காட்டினார். நகத்தடியில் பழுப்பாக, மெழுகு மாதிரி ஏதோ.

"இது தோல் இல்ல மேடம். உங்க கை."

என் தொழிலே கை. வெட்கமாகப் போய்விட்டது.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இது. கார் தோலின்மேல் சாயப் பூச்சு, அதற்கு மேலே நிறமில்லாத ஒரு மெல்லிய பூச்சு. புதுத் தோல் மின்னாது, மங்கலாகத்தான் இருக்கும். வியர்வையும் எண்ணெயும் தோலின் வரிப்பள்ளங்களில் நிரம்பி நிரம்பி வழவழப்பானதும் மின்ன ஆரம்பிக்கிறது. சானிடைசரில் இருக்கிற ஆல்கஹால் மேல்பூச்சை இளக்கிவிடுகிறது. இளகிய இடத்தைத் தினமும் உள்ளங்கை தேய்த்தால் உரியாமல் என்ன செய்யும்? தேங்காய் எண்ணெய் தடவட்டுமா என்று கேட்டேன். "தலைக்குத் தடவுங்க," என்றார்.

சாயம் கேட்டுப் போன எனக்கு அன்றைக்கு அவர் சாயம் விற்கவில்லை. ஒரு தோல் கிளீனர், ஒரு குதிரைமுடி பிரஷ், இரண்டும் சேர்த்து 340 ரூபாய். "அழுக்கு மேல சாயம் அடிச்சா ரெண்டே வாரத்துல உரிஞ்சிக்கும். மொதல்ல சுத்தம் பண்ணுங்க, அடுத்த வாரம் வாங்க." கையில் காசோடு நிற்பவரை இப்படித் திருப்பி அனுப்புகிற கடையை இந்த ஊரில் நான் அதிகம் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன், அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங்கில் உட்கார்ந்தேன். நடுவில் இருக்கிற ஹாரன் பகுதிக்குள் ஏர்பேக் இருக்கிறது. அங்கேயும் பட்டன்களிலும் ஈரம் போகக் கூடாது. எல்லாவற்றையும் பேப்பர் டேப் ஒட்டி மூடினேன். கிளீனரை நேராக ஸ்டீரிங்கில் ஊற்றாமல் பிரஷில் விட்டு, நுரை வரும்படி உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்து, நுரை காய்வதற்குள் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். முதல் துணி டிகாஷன் நிறத்தில் வந்தது. இரண்டாவதும். மூன்றாவதில் பால் கலந்தாற்போல் வெளிறியது. கறுப்பு ஸ்டீரிங்கில் அழுக்கு பழுப்பாகத்தான் வரும், துணியில் கறுப்பு ஏற ஆரம்பித்தால் அது சாயம், உடனே நிறுத்து என்று பாய் சொல்லியிருந்தார். தையல் ஓரத்தில் அப்படித்தான் லேசாகக் கறுப்பு தெரிந்தது, நிறுத்திவிட்டேன். ஒரு மணி நேரம் ஆனது.

காய்ந்ததும் கையை வைத்துப் பார்த்தேன். பிசுக்கு இல்லை. பளபளப்பும் இல்லை. விரலுக்குத் தோலின் வரி தெரிந்தது. முக்கால்வாசிப் பேருக்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன். உரியாத ஸ்டீரிங் என்றால் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்த வெளுத்த இடம் இருந்ததே. மறுபடி பெரியமேடு. இந்தத் தடவை தண்ணீரில் கரையும் கறுப்புச் சாயம் சின்னப் புட்டி, சாயத்துக்கு மேலே பூச மங்கல் ஃபினிஷ், சொரசொரப்பை நிரப்பக் கொஞ்சம் ஃபில்லர், 800 நம்பர் உப்புத்தாள். 720 ரூபாய். கறுப்பிலும் பல கறுப்பு உண்டாம். முந்தின தடவை பார்த்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு ஒரு துளி பழுப்பு சேர்த்துக் கலக்கிக் கொடுத்தார். நிறம் இன்றுவரை ஒட்டுப்போட்டது போலத் தெரியவில்லை.

உப்புத்தாளை அழுத்தாமல் ஓட்டி, தூசியை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தேன். ஃபில்லரைத் தோசைக்கு எண்ணெய் தடவுவதைவிட மெல்லிசாக இழுக்க வேண்டும். அது காய்ந்ததும் இன்னொரு தடவை உப்புத்தாள். சாயத்தைப் பூசக் கூடாது, ஸ்பாஞ்ச் துண்டால் ஒற்ற வேண்டும். முதல் கோட்டில் திட்டுத்திட்டாக அசிங்கமாக இருந்தது, பயந்துவிட்டேன். ஹேர் டிரையரைக் காட்டிக் காட்டி நாலு கோட் போனதும் சமமாகிவிட்டது. அதன்மேல் ஃபினிஷ் இரண்டு கோட். 24 மணி நேரம் வண்டியைத் தொடவில்லை. திங்கட்கிழமை மொத்தமும் ஆட்டோ. ஆட்டோ செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

குறைகளைச் சொல்கிறேன். தையல் நூல் சாம்பல் நிறம். என் அவசரத்தில் நாலு தையல் கறுப்பாகிவிட்டது. அது என் தப்பு. பல்குச்சியை வைத்து நிதானமாகப் போயிருக்கலாம். ஐந்து மாதம் ஆகிறது. கட்டைவிரல் அழுந்தும் இடத்தில் ஃபில்லர் மயிரிழை போல ஒரு கீறல் விட்டிருக்கிறது. அடிக்கடி வளையும் இடத்தில் ஃபில்லர் அப்படித்தான், தோலே மாற்றினால்தான் தீரும் என்று பாய் முதலிலேயே சொன்னார். புதுத் தோல் வைத்துக் கையால் தைத்துத் தர அவருக்குத் தெரிந்த ஆள் 2,200 கேட்டார். இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்று விட்டிருக்கிறேன்.

கடையைப் பற்றியும் சில. வண்டி நிறுத்த இடமே கிடையாது. சென்ட்ரலில் மெட்ரோவை விட்டு இறங்கி நடப்பது மேல். ஆனால் ஸ்டீரிங்கைக் காட்ட வண்டியோடு போக வேண்டுமே, அது ஒரு தலைவலி. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்கு மூடிவிடுவார். ஜிபே உண்டு, பில் கிடையாது. புட்டிகளில் லேபிள் இல்லாததால் வீட்டுக்கு வந்து எது ஃபினிஷ், எது கிளீனர் என்று குழம்பினேன்; அங்கேயே பேனா வாங்கி எழுதிக்கொள்ளுங்கள்.

சானிடைசரை இப்போது லிஃப்டில் ஏறும்போதே போட்டுக்கொள்கிறேன். கீழே வந்து காரைத் திறப்பதற்குள் காய்ந்துவிடுகிறது. மாதம் ஒரு முறை ஈரத்துணியால் ஒரு துடைப்பு.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது, அதுவும் உரிகிறதே என்று கியர் குமிழியையும் கழற்றி எடுத்துப்போனேன். பாய் நகத்தால் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். "ரெக்ஸின் மேடம் இது. இதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல," என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்ற செருப்புக்காரருக்குப் பசை அளக்கப் போய்விட்டார்.