டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: 2014 நூலும் 2024 நூலும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கற்பனைக் கதை ஆட்டம்: ஒருவர் ஆட்டத்தை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடுவார்கள். அதன் ஐந்தாம் பதிப்பில், ஆடுபவர்களுக்கான விதிநூலான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2014 ஆகஸ்டில் வெளிவந்தது. பத்தாண்டுகள் கழித்து, ஆட்டம் தோன்றி ஐம்பது ஆண்டுகள் நிறைந்த 2024இல், அதே நூல் முற்றிலும் திருத்தி எழுதப்பட்டு மீண்டும் வந்திருக்கிறது. வெளியீட்டாளரான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் இதை ஆறாம் பதிப்பு என்று அழைக்கவில்லை; அடிப்படை விதிகள் அப்படியே தொடர்வதால் பழைய சாகசங்களைப் புதிய நூலைக் கொண்டே ஆடலாம் என்கிறது. இரண்டையும் மேசையில் வைத்து ஆடியும் ஆட்டம் நடத்தியும் பார்த்த பிறகு என் மதிப்பீடு இதுதான்: ஆட்டத்தை நடத்துவதற்குப் புதிய நூல் ஐயமின்றி மேலானது, ஆடப்போகும் மனிதரைப் படைப்பதற்குப் பழைய நூலே இன்னும் மேலானது.

முதலில் நூலின் அமைப்பைச் சொல்ல வேண்டும். பழைய நூல் 320 பக்கங்கள் கொண்டது. புதியது 384 பக்கங்கள். பழைய நூல் கதாபாத்திரம் அமைப்பதில் தொடங்கி, இனங்கள், கிளாஸ்கள் (வீரர், மாயக்காரர் போன்ற கதாபாத்திர வகைகள்), ஆயுதங்கள் என்று கடந்து, ஆட்டத்தை எப்படி ஆடுவது என்ற விளக்கத்துக்கு ஏழாம் அத்தியாயத்தில்தான் வந்து சேரும். புதிய நூலின் முதல் அத்தியாயமே ஆடும் முறையை விளக்குகிறது. இதைவிடப் பெரிய உதவி, இறுதியில் அகரவரிசையில் தொகுக்கப்பட்டிருக்கும் விதிகளின் சொற்கோவை. எதிரியைக் கட்டிப்பிடித்து நிறுத்துவது போன்ற எளிய செயலுக்குக்கூடப் பழைய நூலில் சண்டை பற்றிய ஒன்பதாம் அத்தியாயத்தையும், பிடிபட்டவரின் நிலையை அறிய பின்னிணைப்பையும், அத்லெட்டிக்ஸ் திறனுக்காக ஏழாம் அத்தியாயத்தையும் புரட்ட வேண்டியிருந்தது. இப்போது சொற்கோவையைத் திறந்தால் அந்த இடத்திலேயே விடை கிடைத்துவிடுகிறது. விதியும் எளிமையாகியிருக்கிறது: இருவரும் எதிரெதிராகப் பகடை உருட்டும் பழைய முறை போய், பிடிபடுபவர் ஒரே ஒரு சேவிங் த்ரோ (தீய விளைவைத் தவிர்க்க உருட்டும் பகடை) உருட்டினால் போதும் என்றாகிவிட்டது. சோர்வு விதியும் இப்படியே. ஆறு நிலைகளுக்கும் ஆறு வெவ்வேறு தண்டனைகள் கொண்ட அட்டவணைக்குப் பதிலாக, ஒவ்வொரு நிலைக்கும் இருபது முகப் பகடையில் இரண்டு கழியும், நடைவேகத்தில் ஐந்து அடி குறையும். ஒருமுறை கேட்டவர் இதை மறக்க மாட்டார்.

சண்டையில் வந்திருக்கும் மாற்றங்களில் நான் மிகவும் வரவேற்பது ஆயுதத் தேர்ச்சி விதியை. பழைய நூலில் மாயம் அறியாத போர்வீரரான ஃபைட்டரின் முறை வந்தால் அவர் தாக்குகிறேன் என்பார், பகடை உருட்டுவார், சேதத்தைச் சொல்வார், முறை முடிந்துவிடும். பக்கத்தில் இருக்கும் மாயக்காரரான விசார்டோ ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ஏதாவது செய்துகொண்டிருப்பார். புதிய நூலில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் எட்டுத் தேர்ச்சிகளில் ஒன்று தரப்பட்டிருக்கிறது. போர்க்கோடரி பட்டவர் சேவிங் த்ரோவில் தோற்றால் தரையில் விழுவார்; பெருவாள் குறி தவறினாலும் சிறிதளவு சேதம் விளைவிக்கும்; ரேப்பியரால் ஒருமுறை குத்திவிட்டால் அதே எதிரிமீது அடுத்த தாக்குதலுக்கு அட்வான்டேஜ் (பகடையை இருமுறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) கிடைக்கும். இதனால் ஃபைட்டரும் பார்பேரியனும் எந்த ஆயுதத்தை எப்போது எடுப்பது என்று சிந்திக்கத் தொடங்குகிறார்கள். இதற்கு ஒரு விலையும் உண்டு. ஐந்தாம் லெவலில் ஒரு முறைக்கு இரண்டு தாக்குதல் கிடைக்கும்போது, கோடரியின் ஒவ்வொரு அடிக்கும் ஆட்டம் நடத்துபவர் தனியே சேவிங் த்ரோ உருட்ட வேண்டியிருக்கிறது. அத்தகைய வீரர்கள் இருவர் ஒரே குழுவில் இருந்தால் சண்டையின் வேகம் குறைவது கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் நேரத்தை உண்மையில் விழுங்கிக்கொண்டிருந்தது வேறொன்று. அதைப் புதிய நூல் அறவே நீக்கிவிட்டது. 2014இன் கான்ஜர் அனிமல்ஸ் என்ற மந்திரத்தை, அதாவது ஸ்பெல்லை, கொண்டு இயற்கை மாயம் கற்ற ட்ரூயிட் ஒருவர் எட்டு ஓநாய்களை வரவழைக்கலாம். ஓநாய்கள் கூட்டமாகத் தாக்கும்போது அட்வான்டேஜ் பெறுபவை என்பதால் எட்டுத் தாக்குதலுக்குப் பதினாறு முறை இருபது முகப் பகடை உருட்ட வேண்டும். பட்ட ஒவ்வொரு கடிக்கும் எதிரி விழாமல் நிற்க ஒரு சேவிங் த்ரோ வேறு. இவ்வளவும் ஒரே ஒருவரின் ஒரு முறையில் நடக்கும், மற்றவர்கள் காத்திருப்பார்கள். புதிய நூலில் அதே ஸ்பெல் ஒரு ஆவிக் கூட்டத்தை மட்டும் வரவழைக்கிறது. அதன் அருகில் வந்த எதிரி ஒரு சேவிங் த்ரோ உருட்டுகிறார், தோற்றால் சேதம் அடைகிறார், அவ்வளவுதான். ஓநாய்களைத் தனித்தனியே நகர்த்தி மகிழ்ந்தவர்களுக்கு இது இழப்பாகத் தோன்றலாம். மேசையில் உள்ள மற்ற அனைவருக்கும் இது விடுதலை.

குணப்படுத்தும் ஸ்பெல்களின் வலிமையும் கூடியிருக்கிறது. க்யூர் வூண்ட்ஸ் முன்பு ஒரு எட்டு முகப் பகடை அளவுக்கு உயிர்ப்புள்ளிகளைத் தந்தது, இப்போது இரண்டு பகடை தருகிறது. மருந்துக் குப்பியைக் குடிக்க முறையின் முதன்மைச் செயலான ஆக்ஷன் தேவையில்லை, கூடுதலாக ஒன்று மட்டும் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்ஷன் போதும். காயம்பட்டவர் மயங்கி விழும்வரை காத்திருந்து பிறகு எழுப்பும் பழைய வழக்கம் இதனால் ஓரளவு தளர்கிறது. கிளாஸ்களில், மாங்க் இதுவரை இருந்ததிலேயே சிறந்த வடிவத்தைப் பெற்றிருக்கிறது. பாலடினின் அடியோடு கூடுதல் சேதம் சேர்க்கும் டிவைன் ஸ்மைட் இப்போது போனஸ் ஆக்ஷன் கேட்கும் ஸ்பெல்லாகிவிட்டதால், ஒரே முறையில் இரண்டு மூன்று ஸ்மைட்களை அடுக்கிப் பெரிய எதிரியைச் சாய்த்த காலம் முடிந்தது. சிலருக்கு இதில் வருத்தம் உண்டு, எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ரேஞ்சரை மட்டும் சரியாகச் சீர்செய்யவில்லை. அந்தக் கிளாஸின் பல திறன்கள், குறித்த எதிரிமீது படும் அடிக்குக் கூடுதல் சேதம் தரும் ஹன்டர்ஸ் மார்க் என்ற ஒற்றை ஸ்பெல்லையே சுற்றி வருகின்றன. அதற்குத் தொடர்ந்த கவனம் தேவை, அத்தகைய ஸ்பெல் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும் என்பதால், அதே வகையான வேறு நல்ல ஸ்பெல்லைப் பயன்படுத்தும் நேரத்தில் அந்தத் திறன்கள் வீணாகின்றன. இருபதாம் லெவலில் கிடைக்கும் இறுதிப் பரிசு அந்த ஸ்பெல்லின் ஆறு முகச் சேதப் பகடையைப் பத்து முகப் பகடையாக்குவது மட்டுமே என்பது அந்த லெவல்வரை உழைத்தவருக்கு மிகக் குறைவு. ஒளிந்துகொள்ளும் விதியிலும் குழப்பம் இருக்கிறது: பதினைந்தோ அதற்கு மேலோ உருட்டியவர் கண்ணுக்குத் தெரியாத நிலையை அடைகிறார் என்று சொல்லும் நூல், அவர் மறைவிடத்தை விட்டுத் திறந்தவெளிக்கு நடந்து வந்தால் என்ன ஆகும் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

பழைய நூலை நான் அலமாரியிலிருந்து அகற்ற மறுப்பதற்குக் காரணம் அதன் பின்னணிகள், அதாவது கதாபாத்திரம் சாகசத்துக்கு முன் வாழ்ந்த வாழ்க்கை. 2014இல் மாலுமி, படைவீரர், துறவி என எந்தப் பின்னணியை எடுத்தாலும், குணம், இலட்சியம், பற்று, குறை என்று நான்கு அட்டவணைகள் உடன் வரும். படைவீரரின் குறைகளில் ஒன்று, போரில் எதிர்கொண்ட கொடிய எதிரியை நினைத்தால் அவர் இன்றும் நடுங்குவார் என்பது. இன்னொன்று, அவர் செய்த பிழையால் போர்க்களத்தில் பல உயிர்கள் போயின என்பது. இதுவரை எந்தக் கதையும் எழுதியிராத ஒரு புதியவர், பகடையை உருட்டி இப்படி ஒரு வரியைப் பெற்றதும், அந்தப் போர் எது, இறந்தவர்கள் யார் என்று தாமாகவே யோசிக்கத் தொடங்குவார். ஒவ்வொரு பின்னணிக்கும் சண்டைக்குத் தொடர்பில்லாத ஒரு சலுகையும் இருந்தது. மாலுமி தமக்கும் தம் தோழர்களுக்கும் கப்பலில் இலவசப் பயணம் பெறலாம், பதிலுக்குக் கப்பல் வேலையில் கைகொடுக்க வேண்டும். நாட்டுப்புற வீரரை எளிய மக்கள் தம் வீட்டில் மறைத்துவைப்பார்கள், தம் உயிருக்கு ஆபத்து வராதவரை. இந்தச் சலுகைகள் விதிகளாக மட்டும் இருக்கவில்லை. அந்த மனிதருக்கு உலகத்தில் ஓர் இடம் இருக்கிறது என்பதை ஒவ்வொரு அமர்விலும் நினைவூட்டிக்கொண்டிருந்தன.

புதிய நூல் இவற்றை எடுத்துவிட்டது. அதன் பதினாறு பின்னணிகளில் ஒவ்வொன்றும் வலிமை, நுண்ணறிவு போன்ற திறன் மதிப்புகளில் உயர்த்தத்தக்க மூன்றையும், ஃபீட் எனப்படும் ஒரு தொடக்கச் சிறப்புத் திறனையும், இரண்டு திறமைகளையும், ஒரு கருவியையும் தருகிறது. கதைக்கு ஒரு சிறு பத்தி மட்டும். திறன் மதிப்புகளின் உயர்வை இனத்திலிருந்து பிரித்தது நல்ல முடிவு, ஏனெனில் எந்த இனத்தவரும் எந்தக் கிளாஸிலும் குறைவின்றி ஆட முடிகிறது. ஆனால் அந்த உயர்வைப் பின்னணியில் கொண்டுபோய்க் கட்டியதால் அதே பூட்டு வேறு கதவில் விழுந்திருக்கிறது. விசார்டாக ஆட விரும்புபவர் நுண்ணறிவை உயர்த்தியாக வேண்டும். உழவர் பின்னணி வலிமை, உடலுறுதி, ஞானம் ஆகியவற்றை மட்டுமே உயர்த்துவதால், உழவராக வாழ்ந்து பிறகு மாயம் கற்ற ஒருவரைப் படைக்க நினைப்பவர் தம் கதைக்காக எண்களை இழக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலோர் எண்களையே தேர்வார்கள், அதில் அவர்கள் தவறும் இல்லை. அறிஞர் பின்னணியிலிருந்து வந்த விசார்ட்களாக மேசைகள் நிறைவது நூலின் குறைதான்.

ஆட்டம் நடத்துபவருக்கான டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடும் அரக்கர்களின் தொகுப்பான மான்ஸ்டர் மேனுவலும் புதிய வடிவில் அடுத்தடுத்து 2024 நவம்பரிலும் 2025 பிப்ரவரியிலும் வந்தன. இவற்றில் முந்தையது, புதிதாக ஆட்டம் நடத்த வருபவருக்கு அதன் 2014 வடிவத்தைவிடப் பன்மடங்கு பயனுள்ளது. புதிய கதாபாத்திரங்கள் வலுவடைந்திருப்பதால் பழைய அரக்கர்கள் அவர்கள் முன் சற்று எளிதில் வீழ்கிறார்கள்; பழைய சாகசத்தை நடத்துபவர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இப்போதுதான் இந்த ஆட்டத்துக்குள் வருபவர் 2024 நூலையே வாங்கலாம். பழைய நூலை வைத்துக்கொண்டு நிறைவாக ஆடிவரும் குழு அவசரப்படத் தேவையில்லை. இரண்டும் கையில் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் வழியைப் புதிய நூலே அனுமதிக்கிறது: பழைய நூலின் பின்னணியை எடுத்துக்கொள்பவர் திறன் மதிப்புகளில் ஒன்றுக்கு இரண்டும் மற்றொன்றுக்கு ஒன்றுமாகவோ, மூன்றுக்கு ஒவ்வொன்றாகவோ தம் விருப்பப்படி கூட்டிக்கொள்ளலாம், பிடித்த தொடக்க ஃபீட் ஒன்றையும் எடுக்கலாம். அப்படிச் செய்தால் உழவராக வாழ்ந்தவரும் நாட்டுப்புற வீரர் பின்னணியைக் கொண்டு தடையின்றி விசார்டாகலாம், அந்த நான்கு அட்டவணைகளும் மீண்டும் மேசைக்கு வரும், சண்டை மட்டும் புதிய விதிகளின்படி நடக்கும்.