பாராவில் நேரடி சீட் வாங்கித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கொடுக்கும் முன்

இந்திய ராணுவத்தில் ‘பாரா கமாண்டோ’ என்ற வேலைக்கு விண்ணப்பப் படிவமே கிடையாது. அக்னிவீர் என்கிற நாலு வருடப் பணியில் பொதுப்பணி, டெக்னிக்கல், கிளார்க், டிரேட்ஸ்மேன் என்று சில பிரிவுகளுக்குத்தான் ஆள் எடுக்கிறார்கள். ‘பாரா’ என்று சொல்கிற பாராசூட் ரெஜிமென்ட், அதாவது விமானத்திலிருந்து குதித்து இறங்கும் படை, ராணுவத்துக்குள் போன பிறகு திறக்கிற கதவு. இந்த ஒரு விஷயம் தெரியாததால் நகையை அடகு வைத்துப் பணம் கட்டி ஏமாந்த குடும்பங்கள் உண்டு. ஏமாற்று எப்படி நடக்கிறது, உண்மையான வழி எது என்று இரண்டையும் சேர்த்தே சொன்னால்தான் புரியும்.

ஆரம்பம் பெரும்பாலும் ஒரு அகாடமியில். வாசலில் பாரா வீரர்களின் மெரூன் தொப்பி போட்ட படம், சிறப்புப் படையின் பலிதான் பேட்ஜ், ‘பாரா எஸ்எஃப் (சிறப்புப் படை) ஸ்பெஷல் பேட்ச்’ என்று பிளெக்ஸ். சாதாரண ராணுவப் பயிற்சிக்கு ஒரு கட்டணம், பாரா பேட்சுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தால் சேற்றில் ஊர்வது, கயிறு ஏறுவது, மணல் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ரோட்டில் ஓடுவது. வீடியோ எடுத்துப் போட நன்றாக இருக்கும். ரேலி எனப்படும் ஆட்சேர்ப்பு முகாமின் மைதானத்தில் இதில் ஒன்றுக்கும் மதிப்பெண் இல்லை.

மதிப்பெண் இருப்பது இரண்டே இரண்டுக்கு. 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் 60. அதற்கு மேல் 5 நிமிடம் 45 விநாடி வரை 48. 2025 அறிவிப்பில் 6 நிமிடம் 15 விநாடி வரை ஓடியவர்களையும் குறைந்த மதிப்பெண்ணோடு எடுத்துக்கொண்டார்கள். பீம், அதாவது கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது, 10 எடுத்தால் 40, ஆறுதான் முடிந்தால் 16. ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டுவதும் ஜிக்-ஜாக் பேலன்ஸும் தேறினால் போதும். 5:30 என்பது 400 மீட்டர் சுற்றுக்கு 82.5 விநாடி. மைதானத்தில் நூற்றுக்கணக்கானவர்களை ஒன்றாக ஓடவிடும்போது முதல் நூறு மீட்டரில் இடித்துக்கொண்டு சில விநாடிகள் போகும். அதனால் தனியாக ஓடும்போது 5:20 வர வேண்டும். அதற்கு வாரம் இரண்டு நாள் 400 மீட்டரை 80 விநாடிக்கு ஆறிலிருந்து எட்டு முறை, நடுவில் ஒன்றரை நிமிடம் ஓய்வு. இன்னொரு நாள் ஆறேழு கிலோமீட்டர் மெதுவோட்டம். பீமில் கை முழுக்க நீண்டு இறங்கி, தாடை கம்பிக்கு மேல் போனால்தான் கணக்கு. உடம்பை ஆட்டி எடுத்ததை எண்ண மாட்டார்கள். பதினேழு வயசுப் பையன் மூட்டையைச் சுமந்து தார் ரோட்டில் ஓடினால் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் வலி தொடங்கும். ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்தால் எலும்பில் மயிரிழை விரிசல். ரேலிக்கு மூன்று வாரம் இருக்கும்போது படுத்துக்கொள்கிற பையன்கள் பலரும் இப்படிப்பட்ட ‘கமாண்டோ’ பயிற்சியில் கெட்டவர்கள்தான். வலிக்கு ஊசி போட்டு ஓடவிடும் இடங்களும் உண்டு. அந்த ஊசியில் ஊக்கமருந்து இருந்தால் தேர்விலிருந்து நீக்கம்தான். ரேலி அறிவிப்பிலேயே அதைச் சொல்லியிருப்பார்கள்.

இதுவரை போனது கட்டணமும் காலும். பெரிய பணம் அடுத்த கட்டத்தில்.

முதலில் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்பார்கள். ‘வெரிஃபிகேஷனுக்கு’, ‘பெங்களூருக்கு அனுப்பணும்’ என்று காரணம் வரும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றும் அவர்கள் பீரோவுக்குள் போய்விட்டால் அப்புறம் பையன் அவர்கள் கையில். மீதிப் பணம் கட்டாமல் திருப்பித் தர மாட்டார்கள். ரேலி நாளன்று ஒரிஜினலைக் காட்ட வேண்டியவன் பையன்தான். இடையில் எந்த அகாடமிக்கும் அதை வைத்திருக்க வேலையே இல்லை. நகல் மட்டும் கொடுங்கள், அதிலும் குறுக்கே கோடு போட்டு எதற்குக் கொடுத்தது என்று எழுதிக் கொடுங்கள்.

அப்புறம் ‘பெங்களூரு ஆள்’ வருவார். பாராசூட் ரெஜிமென்டின் பயிற்சி மையம் பெங்களூருவில் இருப்பது உண்மை, 1992-ல் ஆக்ராவிலிருந்து அங்கே வந்தது. பொய்யை நம்ப வைப்பதே இந்த மாதிரி உண்மைகள்தான். அந்த மையத்தில் யூனிட் தலைமையகக் கோட்டாவில் அவ்வப்போது தனியாக ஆள் எடுப்பதும் உண்மை. ஆனால் அது பணியில் உள்ள, ஓய்வுபெற்ற வீரர்களின் மகன்களுக்கும் உடன்பிறந்த சகோதரர்களுக்கும், போரில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கும், தேர்ந்த விளையாட்டு வீரர்களுக்கும் உரிய வழி. உறவுச் சான்றை அந்த வீரரின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் கொடுக்க வேண்டும். புரோக்கர் விற்பது இதைத்தான்: யாரோ ஒரு முன்னாள் வீரரை அப்பாவாகவோ அண்ணனாகவோ காட்டி ஒரு போலிச் சான்று. சான்றை ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்பிச் சரிபார்க்கும்போது மாட்டுவது பையன். புரோக்கரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. பயிற்சி முடிந்த பிறகு தெரிய வந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், வழக்கும் வரும். உங்கள் வீட்டில் நிஜமாகவே ராணுவத்தில் ஒருவர் இருந்தால் இந்தக் கோட்டாவுக்குப் பணமே தேவையில்லை. அவருடைய ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதி உறவுச் சான்று வாங்குங்கள், மையத்தின் தேதி அறிவிப்பைப் பாருங்கள்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பித்தலாட்டம் இருப்பிடச் சான்று. பொதுப்பணிக்குத் தமிழ்நாட்டுக்காரருக்கு உயரம் 166 செ.மீ., மார்பு 77, விரித்தால் 82. மலைப்பகுதி, வடகிழக்கு மாநிலங்களுக்கு உயர வரம்பு குறைவு. ‘அந்த ஊர் அட்ரஸ் போட்டு அங்கே ரேலிக்கு அனுப்புகிறேன்’ என்பார்கள். விண்ணப்பிக்க வேண்டியது சொந்த மாவட்டம் எந்த ஆட்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறதோ அங்கேதான். நமக்குச் சென்னை, கோயம்புத்தூர், திருச்சி.

எல்லாவற்றிலும் தந்திரமானது ‘வேலை கிடைச்சா மட்டும் பணம்’ என்கிற பேரம். கேட்கும்போது யோக்கியமாகத்தான் தெரியும். இருபது பேரிடம் முன்பணமும் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையும் வாங்கிக்கொள்வார்கள். ஒருவருக்கும் எதுவும் செய்ய மாட்டார்கள். அந்த இருபதில் நாலு பேர் தங்கள் சொந்த ஓட்டத்தாலும் படிப்பாலும் தேறுவார்கள். அந்த நாலு பேரின் பணம் புரோக்கருக்கு லாபம். மீதிப் பேரில் சத்தம் போடுகிறவர்களுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்து நல்ல பெயரும் வாங்கிக்கொள்வார்கள். தேறிய பையனின் அப்பா ஊரெல்லாம் ‘அவர் முடிச்சுக் கொடுத்தார்’ என்று சொல்வார். அடுத்த வருடத்துக்கு விளம்பரம் இலவசம்!

இதையே மெடிக்கலில் இன்னும் சுலபமாகச் செய்கிறார்கள். ரேலி மருத்துவர் ஒரு குறையைச் சொல்லி ராணுவ மருத்துவமனை நிபுணரிடம் மறுபரிசோதனைக்கு அனுப்புவது வழக்கமான நடைமுறை. காது அழுக்கு, விதைப்பையில் நீர், பாதம் தட்டை, முட்டி இடிப்பது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அதில் ஒரு பகுதி மறுபரிசோதனையில் சரியென்று வரும். வாசலில் நிற்கிற புரோக்கர் கையில் இருப்பது அந்த வாய்ப்பு மட்டும்தான். பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் முடிவு ஒன்றே. செய்ய வேண்டியது ரேலிக்கு மூன்று மாதம் முன்பே அரசு மருத்துவமனையில் காது, பல், கண், கால் எல்லாம் பார்த்து, சரிசெய்யக் கூடியதைச் சரிசெய்வது. காது அழுக்கால் ஒருவன் திரும்பி வருவது வேண்டாத நஷ்டம். பச்சை குத்தியிருப்பதையும் பாருங்கள்: முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே அனுமதி, பழங்குடியினருக்குத் தனி விதி. பாரா வீரர்களின் சிறகுச் சின்னத்தைத் தோளில் பச்சை குத்திக்கொண்டு ரேலிக்கு வந்து தகுதி இழப்பது தேவையா?

கடைசிக் கட்டம் கடிதம். ‘பாரா கமாண்டோ பணி நியமனம்’ என்று மூன்று சிங்க முத்திரையோடு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வரும், கூடவே சீருடைக்கு, பயிற்சி வைப்புத்தொகைக்கு என்று கணக்கு எண் வரும். ராணுவம் இப்படிப் பணம் கேட்பதில்லை. விண்ணப்பத்தில் கட்டுவது 250 ரூபாய், அதுவும் இணையதளத்திலேயே. முடிவு joinindianarmy தளத்தில் பதிவு எண்ணோடு வெளியாகும், தேர்வானவர்களை ஆட்சேர்ப்பு அலுவலகமே கூட்டி, சான்றிதழ் பார்த்து, ரயில் வாரன்ட் (ராணுவச் செலவில் பயணம் செய்ய அனுமதி) கொடுத்துப் பயிற்சி மையத்துக்கு அனுப்பும். அரசுத் தள முகவரி nic.in அல்லது gov.in என்று முடிய வேண்டும். ஜிமெயிலிலிருந்து வந்த எதுவும் போலி. கடிதத்தோடு நிற்காத கும்பல்களும் உண்டு. 2022-ல் உத்தரப் பிரதேசத்தில் வெளியான வழக்கில், பல லட்சம் கொடுத்த ஒருவரைச் சீருடை மாட்டிப் பதான்கோட்டில் ஒரு முகாமில் மாதக்கணக்கில் வேலை பார்க்க வைத்து, மாதச் சம்பளமும் கொடுத்திருந்தார்கள். தான் ராணுவத்தில் இல்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை. கேள்வித்தாள் விற்பவர்களையும் இதே பட்டியலில் சேர்க்க வேண்டும். 2021 பிப்ரவரியில் புனேயில் கேள்வித்தாள் கசிந்தது தெரிந்ததும் நாடு முழுவதும் நடக்க இருந்த தேர்வையே ராணுவம் ரத்து செய்தது. வாங்கியவன் காசும் போச்சு, வாங்காதவன் தேர்வும் போச்சு.

அப்படியானால் பாராவுக்கு ஆசைப்படுகிறவன் என்ன செய்வது? முதலில் அக்னிவீர் பொது நுழைவுத் தேர்வு. 2025-லிருந்து தமிழிலும் எழுதலாம். பொதுப்பணிக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதம், பாடத்துக்கு 33 வேண்டும். வயது வரம்பை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள், மாறக்கூடியது. தேர்வான பிறகு எந்த ரெஜிமென்ட் என்பதை ராணுவம்தான் ஒதுக்கும். சிலருக்கு நேராகவே பெங்களூரு பாரா மையம் கிடைக்கும், நம் பையன்கள் பலருக்கு வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட். அதனால் வாய்ப்புப் போய்விடவில்லை. யூனிட்டிலிருந்து கமாண்டிங் ஆபீசரின் பரிந்துரையோடு தன்னார்வமாகப் பெயர் கொடுக்கலாம். அப்புறம் ப்ரொபேஷன் என்கிற சோதனைக் காலம்; சிறப்புப் படைக்கு அது சுமார் மூன்று மாதம். தாக்குப்பிடிக்காதவரைப் பழைய யூனிட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். தேறினால் ஆக்ராவில் விமானப்படை நடத்தும் பாராட்ரூப்பர் பயிற்சிப் பள்ளியில் ஐந்து குதிப்புகள், ஒன்று இரவில். அதற்குப் பிறகுதான் சிறகு பேட்ஜ். பலிதான் பேட்ஜ் சிறப்புப் படைக்கு மட்டும்.

துப்பாக்கி தூக்குகிற காலாட்படை மட்டும்தான் பாரா என்று நினைப்பதும் தப்பு. பாரா பட்டாலியனில் சமையல்காரரும் குதிக்கிறவர்தான். ஆக்ராவின் 50-வது பாராசூட் பிரிகேடோடு பீரங்கி, பொறியாளர், சிக்னல், மருத்துவப் பிரிவுகளும் இருக்கின்றன. 2023-ல் துருக்கி நிலநடுக்கத்துக்குப் போனது 60 பாரா கள மருத்துவமனை. ஆகவே டெக்னிக்கலோ டிரேட்ஸ்மேனோ கிடைத்தால் ‘பாரா போச்சு’ என்று விட்டுவிட வேண்டாம். பட்டதாரிகள் சென்னை பறங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி வழியாக ஆபீசராகி, பிறகு பாராவுக்குத் தன்னார்வம் கொடுக்கலாம். அதற்கு யுபிஎஸ்சியின் சிடிஎஸ் தேர்வு, கட்டணம் 200 ரூபாய்.

நாலு வருடக் கணக்கையும் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். முதல் வருடம் மாதம் 30,000, அதில் 30 சதவீதம் நாலு வருட முடிவில் கிடைக்கும் சேவா நிதிக்குப் பிடித்துக் கையில் 21,000. நாலு வருடம் முடிந்தால் நிரந்தரமாவது 25 சதவீதம் வரைதான். புரோக்கருக்குக் கடன் வாங்கிக் கொடுத்த குடும்பம் இந்தச் சம்பளத்தில் வட்டி கட்டவே திணறும்.

ஏற்கெனவே பணம் கொடுத்தாகிவிட்டதா? யுபிஐ அல்லது வங்கி வழியாகப் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் வாட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவு, சாட்சி எல்லாவற்றையும் வைத்துக் காவல் நிலையத்தில் மோசடிப் புகார். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 420 என்றது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. ‘லஞ்சம் கொடுத்தது நாமும்தானே’ என்று பயந்து பேசாமல் இருப்பதைத்தான் புரோக்கர் எதிர்பார்க்கிறான். புகாருக்கு முன் ஒரு வக்கீலைக் கலந்துகொள்ளுங்கள், ஆனால் பேரம் பேசிக்கொண்டே மாதத்தைக் கடத்தாதீர்கள். வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் வங்கியில் எழுதிக் கொடுத்து நிறுத்துங்கள். மதிப்பெண் பட்டியலைப் பிடித்து வைத்திருந்தால் புகாரில் அதையும் எழுதி, அதே வாரத்திலேயே பள்ளியில் விசாரித்து அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு இரண்டாம்படி கேட்டு மனு போடுங்கள். அது வந்துசேர நாளாகும். ரேலி தேதி யாருக்காகவும் தள்ளிப்போகாது.