எலானா, பாந்தரா? பழைய ஸ்னோமொபைலில் கை வைக்கும் முன்

"கொட்டகையில் இருபது வருஷமாகக் கிடக்கிறது. நிறுத்தும்போது நன்றாக ஓடிக்கொண்டுதான் இருந்தது." கனடாவின் கியூபெக்கிலோ அமெரிக்காவின் மினசோட்டாவிலோ பழைய ஸ்னோமொபைல் (முன்னால் சறுக்குப் பலகையும் அடியில் சுழலும் பட்டையும் உள்ள பனி வண்டி) விற்பவர் வாயிலிருந்து முதலில் வருவது இதுதான். ஓடிய வண்டியை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் பேச்சு வானிலைப் பக்கம் திரும்பிவிடும்.

1970களின் தொடக்கத்தில் வட அமெரிக்கச் சந்தையில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இந்த வண்டிகளைச் செய்தன. டிராக்டர் கம்பெனியான ஜான் டியர்கூட 1972இல் இறங்கி, பத்து வருஷத்தில் கையைக் கழுவியது. முதல் வண்டி எடுப்பவர்கள் பேர் தெரியாத பிராண்டுகளைத் தொடாமல் இருப்பது நல்லது. ஒரு சின்ன வார்ப்பு உதிரிபாகம் உடைந்தால் அதே மாதிரி இன்னொரு செத்த வண்டியைத் தேடி மாகாணம் மாகாணமாக அலைய வேண்டும். கடைசியில் போட்டி இரண்டுக்குத்தான் என்பது என் எண்ணம்: ஸ்கி-டூ பிராண்டின் எலான், ஆர்க்டிக் கேட் கம்பெனியின் பாந்தர்.

இரண்டுக்கும் பின்னால் இரண்டு ஊர். எலான் கியூபெக்கின் வால்கூர் ஊர்ப் பிள்ளை. அங்கே பிறந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியே பெரிய பனி வாகனங்களைச் செய்து பெயர் வாங்கி, 1959இல் சின்ன ஸ்கி-டூவைக் கொண்டுவந்தார். கியூபெக் கிராமங்களில் எந்தக் கம்பெனி வண்டியானாலும் "ஸ்கி-டூ" என்றே சொல்கிறார்கள், நம் ஊரில் எந்த நகலும் ஜெராக்ஸ் ஆனது போல. பாந்தர் மினசோட்டாவின் தீஃப் ரிவர் ஃபால்ஸில் இருந்து வந்தது. ஆர்க்டிக் கேட்டைத் தொடங்கிய எட்கர் ஹெட்டீன், அதற்கு முன் போலாரிஸ் என்ற இன்னொரு ஸ்னோமொபைல் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1960இல் அலாஸ்காவைக் குறுக்கே ஸ்னோமொபைலில் கடந்துவிட்டு வந்தவர், கொஞ்ச நாளில் போலாரிஸை விட்டே விலகிவிட்டார்.

சரி, இன்ஜினுக்கு வருவோம். எலான் 1971 முதல் 1996 வரை, பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் கால் நூற்றாண்டு வந்த வண்டி. தொடக்கத்தில் 250 சிசி வகுப்பில் ஒற்றை சிலிண்டர் ரோட்டாக்ஸ் இன்ஜின். இரட்டை சிலிண்டர் பின்னால் வந்தது. ரோட்டாக்ஸின் தாய்க் கம்பெனியையே பொம்பார்டியே நிறுவனம் 1970இல் வாங்கிவிட்டதால் இன்ஜினுக்கு வெளியே கையேந்தும் நிலை இல்லை. பாந்தரின் கதை வேறு. வருஷத்துக்கு வருஷம் யாரிடம் இன்ஜின் கிடைத்ததோ அதை மாட்டினார்கள்: ஹிர்த், சாக்ஸ், கவாசாகி, பிறகு சுசுகி. நடுவில் சாக்ஸின் சுழல் பிஸ்டன் வாங்கெல் இன்ஜின்கூட வந்துபோனது. ஆகவே "பாந்தருக்குப் பிஸ்டன் இருக்கிறதா?" என்று மொட்டையாகக் கேட்க முடியாது. எந்த வருஷம், எந்த இன்ஜின், எத்தனை சிசி என்று ஜாதகமே ஒப்பிக்க வேண்டும். போதாததற்குக் கம்பெனி 1981இல் திவாலாகி, இரண்டு வருஷம் கழித்துத்தான் புது அவதாரம் எடுத்தது.

இந்த வண்டிகளில் இருப்பது பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து எரிக்கும் டு-ஸ்ட்ரோக் இன்ஜின். இருபது வருஷம் கிடந்தால் அதில் முதலில் சாவது கிராங்க் ஷாஃப்டின் ஆயில் சீல், அதாவது சுழலும் அச்சு வெளியே வரும் இடத்தை அடைக்கும் ரப்பர் வளையம். ரப்பர் இறுகி விரிசல் விட்டதும் அந்த வழியாகக் காற்று உள்ளே போகும். கலவையில் பெட்ரோலும் எண்ணெயும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் சிலிண்டரில் இறுகிச் சிக்கிக்கொள்ளும் (சீஸ் ஆகும்). கொடுமை என்னவென்றால், இந்த நிலையிலும் வண்டி கயிற்றை இழுத்ததும் கிளம்பும், ஐந்து நிமிடம் அழகாக ஓடும். விற்பவர் காட்டுவதும் அந்த ஐந்து நிமிடத்தைத்தான். அதனால் காற்று நுழையும் இன்லெட்டையும் புகை வெளியேறும் எக்ஸாஸ்டையும் அடைத்து, ஐந்தாறு பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்று ஏற்றி, சோப்பு நீர் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்க்காமல் எந்தப் பழைய இன்ஜினையும் காட்டுக்குள் ஓட்டாதீர்கள். ஒற்றை சிலிண்டர் எலானில் மாற்ற வேண்டியது இரண்டே சீல். புல்லர் என்ற இழுப்புக் கருவி போட்டு, கிராங்க் முனையில் இருக்கும் மேக்னெட்டைக் கழற்றினால் பாதி வேலை முடிந்தது. இரட்டை சிலிண்டரில் கிராங்க் சுழலும் இரண்டு அறைகளுக்கு நடுவிலும் ஒரு தடுப்பு உண்டு. அது போயிருந்தால் கிராங்கையே பிரஸ்ஸில் வைத்துப் பிரிக்க வேண்டும். அதற்கு ஆள் தேட வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு நான் எலானைக் காட்டுவேன்.

கார்புரேட்டரில் பெரிய வித்தியாசம் சொல்ல ஒன்றுமில்லை. பழையவற்றில் டில்லாட்சன் கம்பெனி கார்புரேட்டர், அதற்குள் டயாஃப்ரம் என்ற காகிதம் போன்ற மெல்லிய சவ்வு. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அதையும் பழைய டியூப்களையும் கெடுத்துவிடும். ரிப்பேர் கிட் வாங்கி மாற்றுங்கள். எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் அதையே ஊற்றுங்கள். பழைய கையேடுகளில் 20:1 எண்ணெய்க் கலவை (இருபது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய்) என்று இருக்கும். அது அந்தக் கால எண்ணெய்க்கான கணக்கு. இன்றைய நல்ல எண்ணெயில் 40:1 வைத்து ஓட்டுபவர்கள் நிறைய. ஊரில் பங்க்கில் நின்று 2டி ஆயில் ஊற்றியவர்களுக்கு இதெல்லாம் பழகிய சங்கதி.

உண்மையான போட்டி சீட்டுக்கு அடியில் நடக்கிறது. எலானில் போகி: ஸ்பிரிங் மேல் சின்னச் சின்னச் சக்கரங்கள், அவற்றைச் சுற்றி ரப்பர் டிராக், அதாவது சுழன்று வண்டியைத் தள்ளும் பட்டை. பாந்தரில் ஸ்லைடு ரெயில்: நீளமான இரண்டு தண்டவாளங்கள், அவற்றின் அடியில் பிளாஸ்டிக் பட்டை, அதில் உரசிக்கொண்டு வழுக்கி ஓடும் டிராக். மேடு பள்ளத்தில் வித்தியாசம் முதுகெலும்புக்குத் தெரியும். போகி ஒவ்வொரு மேட்டையும் எண்ணிச் சொல்லும். ரெயில் அதன் மேல் மிதந்து போகும். மனைவியையோ பிள்ளையையோ பின்னால் ஏற்றிக்கொண்டு அரை நாள் போக வேண்டுமென்றால் பாந்தரின் அகலமான சீட்டும் ரெயிலும்தான் சரி. ஆனால் அந்தப் பிளாஸ்டிக்குக் குளிர்ச்சியும் வழவழப்பும் கொடுப்பது பனிதான். பனி குறைந்த சாலையிலும் வெறும் ஐஸிலும் கொஞ்ச தூரம் ஓட்டினாலே உருகத் தொடங்கும். எலான் அங்கே கவலையில்லாமல் உருண்டு போகும். பேரிங்குக்கு கிரீஸ் மட்டும் கேட்கும்.

பழைய பாந்தர்கள் பலவற்றில் ரப்பர் பட்டைகளின் மேல் இரும்புச் சட்டங்களை ரிவெட் அடித்த டிராக் இருக்கும். சட்டங்களை ஒவ்வொன்றாக மாற்றலாம் என்பது வசதி. அதே நேரம் ஒன்று பிய்ந்து சுற்றினால் மேலே இருக்கும் அலுமினியத் தகட்டைக் கிழித்துவிடும். எலானின் ரப்பர் டிராக்கில் விளிம்பு நார் நாராகப் பிரிந்திருக்கிறதா, உள்ளே இருக்கும் கம்பி வெளியே எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். மாட்டைப் பல் பிடித்துப் பார்த்து வாங்குவது போல, ஸ்னோமொபைலைப் பின்பக்கம் தூக்கி, டிராக்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இன்ஜினை மேசையில் வைத்துச் சரி செய்துவிடலாம். செத்துப்போன டிராக்குக்கு வைத்தியம் கிடையாது. புதிது வாங்கினால் பல சமயம் வண்டியின் விலையைத் தாண்டும்.

நான் இந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படித்தேன். பாந்தரின் சிறுத்தைப் புள்ளி சீட்டைப் பார்த்து மயங்கி, பானெட்டைத் திறந்து தலையாட்டிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். வீட்டில் கவிழ்த்துப் பார்த்தபோது ரெயில் ஒரு பக்கம் வளைந்திருந்தது. பதினோரு சட்டம் காணோம்.

யமஹாவையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதன் பக்தர்கள் சண்டைக்கு வருவார்கள். 1968இல் எஸ்எல்350 உடன் வந்தார்கள். இன்ஜின் அவர்களுடையதே, செய்நேர்த்தியில் மற்ற இரண்டையும் மிஞ்சும். எண்ணெயைத் தனி டாங்கில் ஊற்றினால் பம்ப் தானாகக் கலந்துகொள்ளும். அந்தப் பழைய பம்பை நம்பலாமா என்பதுதான் கேள்வி. நம்பாதவர்கள் அதைக் கழற்றிவிட்டுக் கையாலேயே கலக்கிறார்கள். 2023இல் ஸ்னோமொபைல் தொழிலையே விடுவதாக யமஹா அறிவித்துவிட்டது.

பெயின்ட் விஷயத்தில் என் கட்சி வேறு. கீறல் விழுந்த பழைய மஞ்சள் எலானை பளபளவென்று புதிதாக அடித்துவிட்டால், கீறிவிடுமோ என்ற பயத்தில் வெளியே எடுக்கவே மாட்டீர்கள். பானெட் விரிசலை உள்பக்கமிருந்து ஃபைபர் துணி ஒட்டி நிறுத்துங்கள், போதும்.

அடுத்ததாக ஒன்று வாங்கச் சொன்னால்? தனியாக ஓட்ட, கழற்றிப் பழக: எலான், ஒற்றை சிலிண்டர். இரண்டு பேர் போக, நல்ல பனி விழும் ஊரில்: கவாசாகியோ சுசுகியோ மாட்டிய பிற்கால பாந்தர், முதலில் கவிழ்த்துப் பார்த்துவிட்டு. எதை வாங்கினாலும் ஏப்ரலில் நிறுத்தும்போது கார்புரேட்டரைக் காலி செய்து, சிலிண்டருக்குள் துருப்பிடிக்காமல் காக்கும் ஃபாகிங் ஆயில் அடித்து, டிராக்கின் இறுக்கத்தைத் தளர்த்தி, பின்பக்கத்தைக் கட்டை மேல் தூக்கி வையுங்கள். எக்ஸாஸ்ட் வாயில் ஒரு துணியைத் திணிக்க மறக்காதீர்கள். கோடை முழுக்க எலிகளுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.