க்ளூட்டன் இல்லாத மாவு: பாக்கெட்டா, மில்லா, வீட்டு கிரைண்டரா?

எனக்கு சீலியாக் நோய் என்று உறுதியாகி இரண்டரை வருஷம் ஆகிறது. கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற க்ளூட்டன் என்கிற புரதம் சிறுகுடலைப் பாதிக்கிற நோய் இது. அதற்கு முன்னால் நாலைந்து வருஷம் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை எத்தனை விழுங்கினாலும் ஹீமோகுளோபின் ஒன்பதைத் தாண்டவே இல்லை. கடைசியில் ஒரு டாக்டர்தான் இந்த நோயைக் கண்டுபிடிக்கிற டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார், பிறகு எண்டோஸ்கோப்பி. இந்த நோய் வட இந்தியாவில் ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு இருக்கிறது, தெற்கே அதைவிட ரொம்பக் குறைவு. அதனால் இங்கே யாருக்கும் சட்டென்று தோன்றுவதில்லை. ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தேகம் வந்ததும் கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். நிறுத்திவிட்டால் நோய் இருந்தாலும் முடிவில் தெரியாமல் போகலாம்.

"இட்லி தோசை சாப்பிடற ஊர்தானே, சப்பாத்தியை விட்டாப் போச்சு" என்றார்கள் எல்லாரும். நானும் அப்படித்தான் நினைத்தேன். மைதா, ரவை, சேமியா, பார்லி, மால்ட் கலந்த சத்து பானங்கள், சம்பா கோதுமை சேர்த்த சத்துமாவு இதெல்லாம் கூடாது என்பது முதல் வாரத்திலேயே மனப்பாடம் ஆகிவிட்டது. பெருங்காயம் பிடிபடத்தான் இரண்டு மாதம் ஆனது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கிறது. சப்பாத்தியை விட்டுவிட்டு தினமும் ரசத்தில் கொஞ்சம் கொஞ்சமாக கோதுமையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்! இப்போது அரிசி மாவு சேர்த்த பெருங்காயமாகத் தேடி வாங்குகிறேன். கிடைக்காத மாதம் பூண்டும் மிளகும்தான்.

சோறு, குழம்பு, பொரியலில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. சிக்கல் மாவில்தான். ராத்திரி டிபனுக்கும், புட்டு இடியாப்பத்துக்கும், ரொட்டிக்கும் மாவை எங்கிருந்து கொண்டுவருவது? என் முன்னால் மூன்று வழி இருந்தது. க்ளூட்டன் இல்லை என்று அச்சடித்த பாக்கெட் மாவு, தெருமுனை மில், வீட்டு கிரைண்டரும் மிக்ஸியும். மூன்றையும் செய்து பார்த்துவிட்டுக் கடைசியில் கிரைண்டரில் வந்து நின்றிருக்கிறேன். அதனால் நான் சொல்வதில் அந்தப் பக்கச் சாய்வு இருக்கும், தெரிந்தே படியுங்கள்.

பாக்கெட்டின் பலம் அதன் மேல் இருக்கிற எழுத்து. நம் உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி க்ளூட்டன் இல்லை என்று போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருக்கக் கூடாது. முதல் மாதம் எனக்குக் கை கொடுத்தது இதுதான். எதைத் தொடலாம் என்றே தெரியாமல் இருந்த நாட்களில் பிரித்துப் பிசைந்தால் போதும் என்பது பெரிய நிம்மதி. ஆனால் விலை கோதுமை மாவைப்போல மூன்று நாலு மடங்கு. அரிசி மாவு, சோள மாவு, மரவள்ளி மாவு கலந்து, பிடிமானத்துக்கு இசப்கோலோ சாந்தன் கம் என்கிற பசையோ சேர்க்கிறார்கள். சுட்ட சூட்டில் சாப்பிட்டால் பரவாயில்லை. டப்பாவில் வைத்தால் மத்தியானம் அப்பளம் மாதிரி உடையும்.

அப்புறம் மில். முதலில் என் ஓட்டு இதற்குத்தான் இருந்தது. கிலோவுக்குப் பத்து பதினைந்து ரூபாய் கூலி, நாமே பார்த்து வாங்கிய தானியம், மாவும் நைஸாக வரும். எங்கள் மில்காரரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவரும் அக்கறையாகவே கேட்டுக்கொண்டார். "தட்டிட்டுத்தானுங்க்கா போடறேன்" என்று சொல்லி, மெஷினின் வாயில் கட்டியிருந்த துணிப்பையைக் கையால் நாலு தட்டு தட்டினார். பழுப்பு நிறத்தில் மாவு பொலபொலவென்று கொட்டியது. அதற்கு முன் அரைத்தவர் விட்டுப்போன கோதுமை. கொட்டியது ஒரு கைப்பிடி இருக்கும். கொட்டாமல் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது எவ்வளவு?

அன்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கோதுமை மாவில் பத்தில் ஒரு பங்கு க்ளூட்டன் என்று வைத்துக்கொள்ளலாம். மெஷினுக்குள் தங்கியது வெறும் பத்து கிராம் மாவு, அதாவது ஒரு மேசைக்கரண்டி அளவு என்றே வைப்போம். அதில் க்ளூட்டன் ஒரு கிராம், ஆயிரம் மில்லிகிராம். நான் கொண்டுபோனது அஞ்சு கிலோ சோளம். கிலோவுக்கு 200 மில்லிகிராம் ஆகிறது. விதி சொல்வது 20. பத்து மடங்கு!

மில்லில் மிளகாய்க்குத் தனி மெஷின் இருக்கும். மிளகாய் அரைத்த மெஷினில் அரிசியைப் போட்டால் மாவு சிவக்கும், கொழுக்கட்டை காந்தும், அடுத்த நாளே சண்டைக்குப் போவோம். கோதுமை அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. நிறத்தில் தெரியாது, ருசியில் தெரியாது. எனக்கு வயிறு உப்பி, நாலு நாள் அசதியாகக் கிடந்த பிறகு எதனால் என்று பின்னோக்கி யோசிக்க வேண்டியதுதான். மில்காரரைக் குறை சொல்லவே மாட்டேன். நாள் முழுக்க கோதுமை அரைபடும் இடத்தில் அவரால் எனக்காக மெஷினைக் கழற்றிக் கழுவ முடியுமா? காலையில் முதல் ஆளாகப் போனால் சரியாகிவிடும் என்று சிலர் சொன்னார்கள். முந்தின நாள் ராத்திரி கடைசியாக அரைபட்டது என்னவாம்?

கிரைண்டருக்கு வருகிறேன். நான் கோயம்புத்தூர்க்காரி, வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர், அதனால் கொஞ்சம் பெருமையோடுதான் பேசுவேன். இதில் எனக்குப் பிடித்தது, தானியம் முழுசாக என் கையில் இருக்கிறது என்பது. சோளத்தை முறத்தில் கொட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு முறை பார்ப்பேன். போன மாதம் ஒரு கிலோவில் மூன்று கோதுமை மணி கிடைத்தது. சோளம் உருண்டை, கோதுமை நீளமாக நடுவில் கோடு விழுந்து இருக்கும், கண் தப்பாது. ஒரு கோதுமை மணி சுமார் 40 மில்லிகிராம் எடை, அதில் க்ளூட்டன் நாலு மில்லிகிராம். கிலோவுக்கு அஞ்சு மணி விழுந்தாலே வரம்பைத் தொட்டுவிடும். முழுத் தானியமாக இருக்கும்போது அதைப் பொறுக்கி எறியலாம். மாவாகி வந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு வசதி, ஈரமாவுக்கு வெளிப் பசை எதுவும் வேண்டாம். கோதுமையில் க்ளூட்டன் காற்றைப் பிடித்து வைக்கும் வேலையை இட்லி மாவில் உளுந்து செய்கிறது. எங்கள் வீட்டு அளவு மூன்று பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு வரகு அல்லது குதிரைவாலி, ஒரு பங்கு உளுந்து, அரை ஸ்பூன் வெந்தயம். வெறும் அரிசியாகவே ஓட்டினால் நார்ச்சத்து குறையும் என்று டாக்டர் எச்சரித்தார், அதனால்தான் சிறுதானியம். கம்பு அடை, பச்சைப்பயறு தோசை, ஆப்பம் என்று வாரம் ஓடிவிடுகிறது. பிள்ளைகளுக்கும் அதே மாவுதான், எனக்கென்று தனிச் சமையல் இல்லை.

கிரைண்டரைக் கோதுமைக்குத் தொடவிடாமல் காப்பாற்றுவதுதான் ஒரே பராமரிப்பு. தீபாவளிக்குக் கோதுமை அல்வாவுக்குப் பால் எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதை மாமியார்தான் நிறுத்தினார். "அல்வா கடையில வாங்கிக்கலாம், கல்லு உனக்கு வேணும்" என்றார். சல்லடையும் சப்பாத்திக் கட்டையும் புதிதாக வாங்கினேன், வலைக்கண்ணிலும் மரத்திலும் ஒட்டிய மாவு கழுவினாலும் போகாது. தோசைக்கல்லும் எனக்குத் தனி.

கிரைண்டர் தோற்கிற இடமும் உண்டு. அது உலர்ந்த மாவு. பச்சரிசியை ஊறவைத்து, துணியில் நிழலாற்றி, மிக்ஸியில் அரைத்துச் சலித்து வறுத்தால் இடியாப்பத்துக்கும் புட்டுக்கும் அருமையாக வரும். ஆனால் ஒரு தடவைக்கு இருநூறு கிராம்தான் போட முடியும். ஒரு கிலோ முடிய ஒரு மணி நேரம் பிடிக்கிறது, நடுவில் மோட்டார் சூடேறினால் நிறுத்தவும் வேண்டும். சோளம் மிக்ஸியில் குருணையாகவே நிற்கிறது. அந்த மாவில் ரொட்டி தட்டினால் விளிம்பெல்லாம் பிளந்துவிடும். ஆகவே ரொட்டிக்கு மட்டும் இன்றைக்கும் பாக்கெட் சோள மாவு வாங்குகிறேன், க்ளூட்டன் இல்லை என்று அச்சிட்டதாகப் பார்த்து. கொழுக்கட்டை மாவுக்குச் செய்வதுபோல் உப்புப் போட்ட தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மாவைக் கொட்டிக் கிளறி மூடிவைத்து, கை பொறுக்கும் சூட்டில் நன்றாகத் தேய்த்துப் பிசைந்தால் பிளவு பாதி குறையும். வட கர்நாடகத்துக்காரர்கள் ஆறிய ரொட்டியோடு மல்லுக்கட்டுவதே இல்லை, மெல்லிசாகத் தட்டிக் காயவைத்து மொறுமொறுப்பாகவே சாப்பிடுகிறார்கள். அதை இன்னும் நான் முயன்று பார்க்கவில்லை.

வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் சின்ன மாவு மெஷின் பற்றிக் கேட்பீர்கள். நாத்தனார் வீட்டில் ஒரு வாரம் தங்கியபோது பார்த்ததுதான் என் அனுபவம். சோளம் மில் மாவு போலவே நைஸாக விழுந்தது, சத்தம்தான் காதைப் பிளந்தது. எத்தனை வருஷம் உழைக்கும், கல்லோ பிளேடோ எப்போது தேயும் என்றெல்லாம் ஒரு வாரத்தை வைத்துச் சொல்வது நியாயமில்லை. அதோடு அவர்கள் அதில் கோதுமையும் அரைக்கிறார்கள். அதனால் அங்கே இருந்த ஏழு நாளும் நான் இட்லிதான் சாப்பிட்டேன்.