"கார்பன் எங்கேப்பா?": ஒரு காகித மடிப்பு மூலக்கூறுப் பெட்டி

ஆறு வயதுக்கு மேல் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. நம்பாதீர்கள், எட்டு வயதுக்குக் கீழே என்றால் பக்கத்தில் நீங்களும் சம்மணம் போட்டு உட்கார வேண்டியிருக்கும். என் பையனுக்கு ஆறு, அவன் அக்காவுக்கு ஒன்பது.

முதல் தாள் மீத்தேன், அதாவது ஒரு கார்பனைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன். கோட்டில் மடித்து ஒட்டினால் நான்கு முக்கோணங்கள் சேர்ந்த குட்டி நான்முகி வரும், மூலைக்கு ஒரு ஹைட்ரஜன். பையன் அதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு "கார்பன் எங்கேப்பா?" என்றான். நியாயமான கேள்வி! கார்பன் நட்டநடுவில் இருக்க வேண்டும், இங்கே நடுவில் வெறும் காற்று, கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதற்குள் அக்கா கோணமானியை எடுத்து மூலையை அளந்து 60 டிகிரி என்கிறாள், கையேடோ 109.5 என்கிறது. இரண்டும் சரிதான், கார்பனில் நின்று இரண்டு ஹைட்ரஜன்களைப் பார்த்தால் வருகிற கோணம்தான் 109.5. இதை வாயால் எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. ஒரு பக்கத்தைப் பிரித்து, கருப்பு மணி ஒன்றை நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்ட பிறகுதான் இருவரும் "ஓ" என்றார்கள். அந்த மணியைப் பெட்டியிலேயே போட்டிருக்கலாம்.

தண்ணீர்த் தாள் சுமார், உண்டிவில் கவட்டை மாதிரி ஒரு மடிப்பு, அவ்வளவுதான். 60 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து (12 ஐங்கோணம், 20 அறுகோணம், அச்சு அசல் கால்பந்து) பார்க்க அழகு, ஆனால் ஒட்டும் விளிம்பு நகத்தின் அகலம்கூட இல்லாததால் இரண்டு முறை வாயைப் பிளந்துகொண்டது.

அசல் சரக்கு டிஎன்ஏ தாள். குறுக்குக் கோடுகளை ஒரு பக்கமும் சாய்கோடுகளை எதிர்ப்பக்கமும் மடித்து லேசாக முறுக்கினால் போதும், சுருள் தானாகவே விழுகிறது. மகள் எல்லா மடிப்பையும் மாற்றி மடித்துவிட்டாள், சுருள் இடப்பக்கமாகச் சுற்றியது. நம் உடம்பில் இருப்பது பெரும்பாலும் வலஞ்சுழி, சாதாரண திருகாணியின் மரை மாதிரி. ஒரு திருகாணியை எடுத்துப் பக்கத்தில் வைத்ததும் தப்பை அவளே கண்டுபிடித்தாள். இந்த ஒரு தாளுக்காகவே பெட்டியை வாங்கலாம் என்பேன்.

கையேடு கோட்டைவிட்ட இன்னொன்று: 2006-இல் பால் ராத்மண்ட் என்ற விஞ்ஞானி நிஜமான டிஎன்ஏ இழையையே மடித்துச் சிரிக்கும் முகம் செய்து காட்டினார். அதைச் சொன்னதும் பையன் கேட்டான், "எந்தப் பசையால ஒட்டினாங்க?" பசை இல்லைடா, குட்டிக் குட்டி டிஎன்ஏ துண்டுகள் ஊக்கு மாதிரி அங்கங்கே பிடித்துக்கொள்ளும் என்றேன். அப்புறம் அவன் அந்தக் கால்பந்தை எடுத்துக்கொண்டு ஸ்டேப்ளரைத் தேடிப் போய்விட்டான்.