வெளிநாட்டில் பதிவுத் திருமணம் முடிந்தாச்சு: ஊரில் தாலி கட்டுவது கோயிலிலா, மண்டபத்திலா?

டொராண்டோவிலோ லண்டனிலோ பதிவுத் திருமணம் செய்துவிட்டு, பெற்றோருக்காக தமிழ்நாட்டில் சடங்கு வைக்க வருகிறவர்கள் ரொம்பவே குழம்புவது இதில்தான்.

செலவு
கோயில்: கட்டணம் குறைவு, சாப்பாட்டைப் பக்கத்து ஓட்டலில் முடித்துக்கொள்ளலாம்.
மண்டபம்: வாடகையோடு நிற்காது. கரண்ட், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு என்று தனித்தனி பில் வரும், சமையலுக்கு இலைக்கு இவ்வளவு என்று கணக்கு.

ஆவணம்
கோயில்: இங்கேதான் கவனம் வேண்டும். அறநிலையத் துறைக் கோயில்கள் பலவற்றில் வயதுச் சான்றோடு, இது முதல் திருமணம் என்பதற்கான சான்றும் கேட்பார்கள். சட்டப்படி மணமானவர்கள் 'மணமாகாதவர்' என்று எழுதி வாங்குவது பொய், தயவுசெய்து வேண்டாம். வெளிநாட்டுச் சான்றிதழைக் காட்டி கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே பேசுங்கள், ஒத்துவரவில்லையென்றால் தரிசனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.
மண்டபம்: பெரும்பாலும் இந்தச் சிக்கல் இல்லை.

எங்கே நடத்தினாலும் விசா படிவத்தில் எழுத வேண்டியது சட்டப்படி மணமான தேதியைத்தான்.

நாள்
ஆடியும் மார்கழியும் இரண்டுக்குமே ஆகாது, அதனால் கிறிஸ்துமஸ் லீவில் வருகிறவர்கள் தை பிறக்கும்வரை தங்க முடியுமா என்று முதலில் பாருங்கள். தை முகூர்த்தங்களுக்கு நல்ல மண்டபங்கள் வெகு முன்பே போய்விடும்.

லீவு குறைவு, நெருங்கிய சொந்தம் மட்டும் என்றால், கோயில் சம்மதித்தால் அதுவே போதும். தாத்தா பாட்டி, ஊர்க்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அப்பா மொய் எழுதிய வீடுகள் நிறைய இருக்கின்றன என்றால் மண்டபம்தான்.