தோட்டத்துச் சாளையில் நின்ற டீசல் ஜீப்: கோவைப் பக்கம் டீசல் லைன் வேலை செய்யப்போகிறவர்களுக்கு

வெளிநாட்டில் இருந்துகொண்டு வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருகிறவர்களின் டீசல் ஜீப்புகளில் பாதிக்கு ஒரே கோளாறுதான். காலையில் செல்ஃப் அடித்தால் பிடிக்கும், பத்து வினாடியில் அணைந்துவிடும். சமதரையில் நன்றாக ஓடும். ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது, டேங்கில் கால்வாசி டீசல் இருக்கையிலேயே இழுவை செத்துப்போகும். திம்பத்தின் 27 வளைவிலும் கொல்லிமலையின் 70 வளைவிலும் இதே கதைதான். பட்டறைக்குப் போனால் முதல் பதில், "ஃபில்டர மாத்திப் பாத்தரலாமுங்ணா." மாற்றியும் தீராது, ஏனென்றால் பல வண்டிகளில் அடைப்பை விடக் காற்றுதான் காரணம்.

பழைய ஜீப், பொலிரோ வகைகள் பலவற்றில் டேங்குக்குள் மின் பம்ப் கிடையாது. என்ஜினில் இருக்கும் பம்பே டேங்கிலிருந்து ஃபில்டர் வழியாக டீசலை உறிஞ்சுகிறது. அதனால் வண்டி ஓடும்போது அந்த லைனில் ஓட்டை இருந்தாலும் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். தரையில் ஈரமே இல்லை, லைன் நன்றாக இருக்கிறது என்று மெக்கானிக் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாதது இதனால்தான்.

எந்த ஸ்பேரும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனையைக் கேட்டுச் செய்ய வையுங்கள். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஓஸைக் கழற்றிவிட்டு, அதே அளவில் ஒரு அடி நீளத்துக்குக் கண்ணாடி ஓஸ் (உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாய்) மாட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டு, பிறகு 2000 ஆர்பிஎம்மில் பிடித்துப் பாருங்கள். முதலில் ஓரிரு குமிழி வருவது இயல்பு. விடாமல் சரம் சரமாக வந்தால் காற்று புகுகிறது. அடுத்து டேங்க் லைனையும், மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பிவிடும் ரிட்டர்ன் லைனையும் கழற்றி, சுத்தமான டீசல் கேனில் விட்டு என்ஜினை ஓட்டுங்கள். குமிழி நின்றுவிட்டால் கோளாறு டேங்க் பக்கம். நிற்காவிட்டால் ஃபில்டர் ஹெட் (ஃபில்டர் மாட்டும் மேல்பாகம்), லைனில் காற்று எடுக்கக் கையால் அடிக்கும் கைப்பம்பு, வாஷர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சோதனை முடிந்ததும் கண்ணாடி ஓஸைக் கழற்றிவிடுங்கள். சூட்டிலும் டீசலிலும் அது விறைத்து வெடித்துவிடும்.

டேங்க் பக்கக் கோளாறில் முதல் சந்தேகம், டேங்குக்குள் இறங்கி டீசலை உறிஞ்சும் பிக்கப் குழாய் மேல். டேங்க் யூனிட்டின் மூடித் தகட்டோடு சேரும் இடத்தில் துருப்பிடித்து மயிரிழை விரிசல் விழும். டேங்க் நிறைய இருக்கையில் விரிசல் டீசலுக்குள் மூழ்கியிருப்பதால் தெரியாது, மட்டம் விரிசலுக்குக் கீழே இறங்கியதும் காற்றை உறிஞ்சும். "ஃபுல் டேங்க் போட்டா ஓடுதுங்" என்று சொல்லும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். யூனிட்டைத் திறப்பதற்கு முன் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடைக்க வேண்டும், இல்லையென்றால் அது அப்படியே டேங்குக்குள் விழும்.

புதுக் குழாய் செய்ய கோவை கணபதி பகுதி லேத் பட்டறைகள் போதும். 10 மில்லிமீட்டர் எஸ்.எஸ். குழாய், ஆர்கான் வெல்டிங். செம்பும் ஜி.ஐ.யும் (துத்தநாகம் பூசிய இரும்பு) கூடாது. செம்பு பட்டால் டீசல் சீக்கிரம் கெட்டுப்போகும், துத்தநாகப் பூச்சு டீசலோடு சேர்ந்து பிசுபிசுப்பாகி ஃபில்டரை அடைக்கும். கேஸ்கெட்டை வைத்தபடியே தகட்டிலிருந்து டேங்க் அடி வரை கம்பி விட்டு அளந்து, அதில் 12 மில்லிமீட்டர் குறைத்து வெட்டச் சொல்லுங்கள். நுனி 45 டிகிரி சாய்வாக இருக்கட்டும், அடியில் ஒட்டினாலும் வாய் முழுதாக மூடாது. கடைசிச் சொட்டு வரை எடுக்க வேண்டும் என்று 3 மில்லிமீட்டருக்கு இறக்குவது தவறு. மாதக்கணக்கில் நின்ற டேங்கின் அடியில் தண்ணீரும் சேறும் தங்கியிருக்கும், அதைத்தான் முதலில் குடிக்கும். மேடேறும்போது டீசல் பின்னால் ஓடுவதால் வாயைப் பின்பக்கமாக வையுங்கள். வாயைச் சுற்றி டீசலைத் தேக்கும் தடுப்புப் பெட்டி இருந்து, ரிட்டர்ன் குழாயையும் அதற்குள் விட்டால் வளைவுகளில் அந்த இடம் காய்ந்துபோகாது. குழாய் வாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. முன் ஃபில்டர் போடாமல் அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

இணைப்புகளில் டெஃப்ளான் டேப் வேண்டாம், அதன் இழை என்ஜினுக்குள் டீசல் பீய்ச்சும் நாசில் வரை போய்விடும். பேஞ்சோ போல்ட் (நடுவே டீசல் ஓடும் துளையுள்ள போல்ட்) கழற்றினால் காப்பர் வாஷர் இரண்டும் புதிது போட வேண்டும். ஓஸ் டீசலுக்கானதாக இருக்க வேண்டும், கிளிப் விளிம்பு ஓஸை வெட்டாத வகையாக இருக்க வேண்டும்.

கைப்பம்பு போதாவிட்டால், அமுக்கி டீசலை ஏற்றும் பந்துபோன்ற ப்ரைமர் ஒன்றைச் சேர்க்கலாம். அம்புக்குறி என்ஜின் பக்கம், பந்து செங்குத்தாக, சைலன்சர் சூடு படாத இடத்தில். ஆனால் அதுவும் இரண்டு இணைப்பைக் கூட்டுகிறது என்பதால், ஃபில்டர் ஹெட்டிலேயே இருக்கும் கைப்பம்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) நல்ல நிலையில் இருந்தால் அதையே வைத்துக்கொள்வது என் தேர்வு.

நான் விடாமல் சொல்லிவருவது ஃபில்டர் மாட்டும் விதத்தைப் பற்றித்தான். தண்ணீர் பாட்டிலில் பிடித்த டீசலை ஃபில்டரின் நடு ஓட்டையில் ஊற்றி மாட்டுவது பட்டறைகளில் சாதாரணம். திருகு வகை ஃபில்டரில் வழக்கமாக நடு ஓட்டை சுத்தம் செய்த டீசல் வெளியேறும் வழி. அதில் ஊற்றுவது வடிகட்டாமல் பம்புக்கே போகும். காமன் ரெயில் வண்டிகளில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகையில், இன்ஜெக்டரின் இடைவெளிகள் சில மைக்ரான் அளவுதான். ஊற்றியே ஆக வேண்டுமென்றால் ஓரத்துச் சிறு ஓட்டைகளில் மட்டும். அதைவிட நல்லது காலியாக மாட்டி, காற்றுத் திருகைத் தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை கையால் அடித்து, இறுக்கி, கைப்பம்போ பந்தோ கல்லாகும் வரை மறுபடி அடிப்பது. பிறகு செல்ஃப் ஒரு தடவைக்குப் பதினைந்து வினாடிக்கு மேல் வேண்டாம், நடுவே ஒரு நிமிடம் விடுங்கள். மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் நாசில் நட்டைத் தளர்த்திக் காற்று எடுப்பார்கள், காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. ஆயிரம் பாரைத் தாண்டும் அழுத்தம் தோலைத் துளைத்து டீசலை உடம்புக்குள் ஏற்றிவிடும்.

யாரிடம் போவது? கார் ஷோரூம்களைவிட, நாமக்கல், சங்ககிரி லாரிகளையும் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளையும் பார்க்கும் டீசல் பம்ப் சர்வீஸ்காரர்களுக்கு இந்த வேலை கைவந்தது. டேங்கைக் கால்வாசிக்குக் கீழே வைத்துக்கொண்டு காலையிலேயே போங்கள், இறக்குவது எளிது. லேத் வேலையும் சேர்ந்தால் இரண்டு நாள் ஒதுக்குங்கள். கழற்றிய பழைய குழாயைத் திருப்பிக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வண்டியை எடுத்ததும் மூக்கு மேலே பார்க்கச் சரிவில் ஓர் இரவு நிறுத்திவிட்டு, காலையில் கைப்பம்பைத் தொடாமல் செல்ஃப் அடியுங்கள். ஒரே அடியில் பிடித்து நின்றால், கால் டேங்க் டீசலோடு ஆழியாற்றிலிருந்து அட்டகட்டி வரை ஏற்றிப் பாருங்கள். இறங்கி வந்ததும் சூடு ஆறிய பின் எல்லாக் கிளிப்பையும் ஒரு முறை இறுக்கிவிடுங்கள்.